ஒரு சவரத் தூரிகையின் விலை

சிறு பொருள்களைப் பற்றி எழுதுவது இலக்கியங் கற்றவனுக்கு இழுக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே இன்னும் உளர். காப்பியங்களைப் பற்றி எழுதவேண்டிய தமிழாசிரியன் ஒருவன் சவரத் தூரிகையைப் பற்றி எழுதப் புகுந்தால் அவர்கள் முகஞ் சுளிக்கவுங் கூடும். ஆயினும், ஒரு நாட்டின் பொருளாதார நிலை வரவு செலவுத் திட்ட உரையிலே தெரிவதைக் காட்டிலும் அந்நாட்டு மக்களின் கிணற்றடிகளிலே தெளிவாகத் தெரியும் என்பது என் எண்ணம். கிணற்றுக் கட்டின்மேல் இருக்கும் சவர்க்காரத் துண்டு, இரசம் உரிந்த கண்ணாடி, சவரக்கத்தி, அதனருகே நிற்கும் தூரிகை ஆகியன அவ்வீட்டின் வருமானத்தையும், அவ்வீட்டார் எந்தெந்தச் செலவை எண்ணி அஞ்சுகின்றனர் என்பதையும் நமக்குச் சொல்லிவிடும்.

தூரிகை நமது இலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. பழந்தமிழர் அதனைத் துகிலிகை என்றனர். நற்றிணையின் 118ஆம் பாட்டிலே பாதிரிப் பூவின் பஞ்சு போன்ற தலைக்கு, ஓவியர் செந்நிறத்தில் தோய்த்தெடுத்த துகிலிகை உவமையாகிறது. மயிரைக் கற்றையாகக் கட்டி, பிடியொன்றிலே பொருத்தி, ஈரத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லுங் கருவி அது. ஓவியன் கையில் நிறத்தைச் சுமந்தது. நம் கையில் நுரையைச் சுமக்கிறது. அமைப்பிலே இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் விலையிலே உள்ள வேறுபாடு வியப்பைத் தருவது. சில நூறு ரூபாவுக்கும் ஒரு சவரத் தூரிகை வாங்கலாம். ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளம் முழுவதையும் கொடுத்தும் ஒன்று வாங்கலாம். இரண்டும் முகத்திலே சவர்க்கார நுரையைத்தான் பூசுகின்றன. அவ்வாறாயின் எஞ்சிய பணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது? மலிவான தூரிகையை வாங்குபவன் எதை இழக்கிறான்? அல்லது, ஒன்றையுமே இழக்கவில்லையா?

இக்கேள்விகளை நான் ஓய்வு நேரப் பொழுதுபோக்காக எழுப்பவில்லை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஓர் அமெரிக்க டொலரின் மதிப்பு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அது 360 ரூபாவரை சென்றது. அதற்கிடையில், ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்றதை நாம் எல்லோரும் அறிவோம். சவரப் பொருள்களுக்கு எவரும் வரிசையில் நிற்கவில்லை. அவை கடையிலே இருந்தன. விலைதான் ஓசையின்றி ஏறிற்று. வரிசையில் நிற்கும் துன்பம் பத்திரிகையிலே படமாக வரும். கடைக்குள் நுழைந்து, விலையைக் கேட்டு, பொருளை மீண்டும் தட்டிலே வைத்துவிட்டு வெளியேறுபவனைப் படம் பிடிப்பார் இலர்.

இவ்விடத்திலே, நாம் வாங்கும் சவரப் பொருள்கள் எவ்வாறு இந்த வடிவத்தை அடைந்தன என்பதைச் சிறிது நோக்குதல் நன்று. 1903ஆம் ஆண்டு ஜில்லெட்டின் பாதுகாப்புச் சவரக்கத்தி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தீட்டுக்கல்லும் தோற்பட்டையும் தேவையற்றுப் போயின. இருபக்கமும் கூரான மெல்லிய பிளேட்டை மாற்றினால் போதுமாயிற்று. அப்போதும் தூரிகை தன் இடத்தை இழக்கவில்லை. 1940களின் இறுதியில், அமுக்கினால் நுரை கக்கும் பேணிகள் சந்தைக்கு வந்தன. தூரிகை கொண்டு ஒரு நிமிடத்தில் நாமே உண்டாக்கக்கூடிய நுரையை, உலோகப் பேணியொன்றில் அடைத்து நமக்கே விற்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டது. 1971இல் இரண்டு பிளேட்டுகளும், 1998இல் மூன்று பிளேட்டுகளும் ஒரே தலையிற் பொருத்தப்பட்டன. பிடியை மலிவாகக் கொடுத்து, அப்பிடிக்கு மட்டுமே பொருந்துந் தலையை அதிக விலைக்கு விற்பது இவ்வணிகத்தின் முறை. ஒருமுறை அப்பிடியை வாங்கியவன் மாதந்தோறும் திறை செலுத்துங் குறுநில மன்னன் ஆகிறான்.

டொலர் 200 ரூபாவாக இருந்தபோது இத்திறை நமக்குப் பாரமாகத் தோன்றவில்லை. 360 ரூபாவானபோது தோன்றிற்று.

நான் வவுனியா மாவட்டப் பாடசாலையொன்றிலே உயர்தர வகுப்பு மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். நமது பாடசாலைகள் பலவற்றைப் போலவே அங்கும் மாணவர் முகத்தை மழித்துக்கொண்டுதான் வரவேண்டும் என்பது விதி. காலையிலே வாயிற் படலையில் மாணவ தலைவர்கள் நிற்பார்கள். தாடி தெரிந்தால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விதியை எதிர்க்க விரும்பும் மாணவர்கள், மழித்தலும் வேண்டா, வளர்த்தலும் வேண்டா என்று சொன்ன வள்ளுவரை எனக்கு நினைவூட்டுவதுண்டு. உலகம் பழிப்பதை ஒழித்தால் என்னும் நிபந்தனையையும் வள்ளுவர் சேர்த்திருக்கிறார் என்று நான் மறுமொழி கூறுவேன். அது வகுப்பறை வேடிக்கை. ஆனால் 2022இன் நடுப்பகுதியில் அந்த வேடிக்கையும் நின்றுபோயிற்று.

அரிசி ஆலையொன்றிலே நாட்கூலிக்கு மூட்டை சுமப்பவரின் மகன் ஒருவன். ஒரு நாள் தாடியோடு வந்ததற்காகத் திருப்பி அனுப்பப்பட்டான். அன்று நான் நடத்திய பாடம் சிலப்பதிகாரத்து வழக்குரை காதை. நீதி கேட்கும் காதையை அவன் கேட்கவில்லை. மறுநாள் வந்தபோது அவனது கன்னத்திலும் கழுத்திலும் கீறல்கள் இருந்தன. கழுத்தின் ஓரிடத்தில் தோல் வீங்கிச் சிவந்திருந்தது. தந்தை பல முறை பாவித்துக் கழித்த பிளேட்டையும், உடுப்புத் துவைக்கும் சவர்க்காரத்தையும் கொண்டு மழித்திருக்கிறான். அதே பிளேட்டைத் தம்பிக்கும் கொடுத்திருக்கிறான். இரத்தம் பட்ட பிளேட்டை ஒருவர்பின் ஒருவராகப் பாவிப்பதனால் ஈரலைத் தாக்குங் கொடிய கிருமிகள் பரவக்கூடும் என்பதை அவன் விஞ்ஞானப் பாடத்திலே படித்திருக்கவே கூடும். அறிவு இருந்தது, புதிய பிளேட் இருக்கவில்லை.

ஆசிரியர் விடுதியில் என்னோடு தங்கியிருக்கும் கணித ஆசிரியர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் நண்பர். அன்றிரவு அவர் தாளொன்றை எடுத்துக் கணக்குப் போட்டார். நுரைப் பேணியும் பல பிளேட்டுத் தலைகளும் கொண்டு ஒருவன் ஓராண்டு மழித்தால் ஆகுஞ் செலவு ஒருபுறம். பழைய முறைச் சவரக்கத்தி, இருபக்கப் பிளேட், சவர்க்காரம், தூரிகை ஆகியவற்றுக்கு ஆகுஞ் செலவு மறுபுறம். முதல் வாங்குஞ் செலவையுஞ் சேர்த்துப் பார்த்தாலும், இரண்டாவது முறையின் செலவு முதலாவதன் நாலிலொரு பங்கையுந் தொடவில்லை. "சேர், இதுல பிரச்சினை பிளேட் இல்ல, பிறஸ்தான். நல்லதைத் தெரிஞ்செடுத்தாப் பத்து வருஷம் கிடக்கும், பிழையானதை எடுத்தா ஒரு மாசத்துல மயிரெல்லாம் உதிர்ந்து போயிடும்" என்றார்.

அவர் சொன்னது சரியே. பிளேட்டின் தரத்தை ஒரே சவரத்தில் அறிந்துவிடலாம். சவர்க்காரத்தின் தரத்தையும் அவ்வாறே. தூரிகையின் தரத்தை அறிவதற்குத்தான் அறிவு வேண்டும்.

தூரிகை இல்லாமலே விரல்களாற் சவர்க்காரத்தைப் பூசலாகாதா என்று கேட்போர் உளர். பூசலாம். ஆனால் மயிரை மென்மையாக்குவது சவர்க்காரமன்று, தண்ணீரே. தாடி மயிர் தண்ணீரை உறிஞ்சிப் பருத்தபின் எளிதாக அறுபடும். உலர்ந்த மயிர் பிளேட்டை எதிர்த்து நிற்கும். தண்ணீரைத் தாடியின் அடிவரை கொண்டுசென்று, படிந்து கிடக்கும் மயிரை நிமிர்த்தி, அத்தண்ணீர் உலர்ந்துவிடாமல் நுரையாலே மூடிவைப்பது தூரிகையின் தொழில். இன்னொரு காரணமும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக் கல்லாலானது; அங்குள்ள கிணற்று நீர் வன்னீர். வவுனியாவிலும் பல கிணறுகள் அத்தகையனவே. வன்னீரிலே சவர்க்காரம் நுரைக்காது, தயிர்த் திரள் போலத் திரண்டுவிடும். கொதிக்கவைத்து ஆறிய நீரிலோ மழைநீரிலோ தூரிகையை நனைத்து, சிரட்டையொன்றில் இட்ட சிறு சவர்க்காரத் துண்டின்மேல் சுழற்றினால், விரல்களால் ஒருபோதும் பெறமுடியாத தடித்த நுரை கிடைக்கும். சவர்க்காரம் மிகக் குறைவாகவே செலவாகும். எனவே, ஏழை வீட்டுக்குத் தூரிகை ஆடம்பரமன்று; சிக்கனக் கருவி.

இனி, தூரிகைகளின் வகைகளைக் காண்போம். அவை நான்கு.

முதலாவது, வளைக்கரடியின் மயிராற் செய்யப்படுவது. ஐரோப்பாவிலும் சீனத்திலும் வளை தோண்டி வாழும் இவ்விலங்கின் மயிர் மெல்லியது, நீரை நிறையத் தாங்குவது. விலையேறிய தூரிகைகள் பெரும்பாலும் இதனாலானவையே. நுனி வெள்ளி நிறமாக உள்ளதற்கு உயர்ந்த விலை. இம்மயிர் விலங்கைக் கொன்றே எடுக்கப்படுவது. சீனத்தின் பண்ணைகளில் இவ்விலங்குகள் சிறு கூண்டுகளில் அடைக்கப்பட்டுக் கொல்லப்படும் காட்சிகளை விலங்குநல அமைப்பொன்று 2018இல் வெளியிட்டபின், பெரிய நிறுவனங்கள் சில இம்மயிரைக் கைவிட்டன. மென்மை என்று விற்கப்படும் பொருளின் பின்னாலே எத்துணைக் கொடுமை உண்டு என்பதற்கு இது ஒரு சான்று.

இரண்டாவது, பன்றி மயிர். இது தடித்தது, விறைப்பானது. இறைச்சிக்காக வளர்க்கப்படும் பன்றியின் துணைப்பொருள் ஆதலால் மலிவானது. இதன் சிறப்பு, பாவிக்கப் பாவிக்க நன்றாவதே. புதிய பன்றிமயிர்த் தூரிகை முகத்தைக் குத்தும். சிறிது நாறவுஞ் செய்யும். சில வாரங்களில் ஒவ்வொரு மயிரின் நுனியும் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து மெதுமெதுப்பாகும். அடிப்பகுதி மட்டும் விறைப்பாகவே நிற்கும். இத்தாலியிலே பொலோஞ்ஞா நகரத்தின் ஒமேகா முதலான நிறுவனங்கள் நாவிதர்களுக்கென்று செய்யும் தூரிகைகள் பல இம்மயிராலானவை. நாள்தோறும் பல முகங்களைக் காணுந் தொழிலாளர்கள் அவற்றைத் தம் கருவியாகக் கொண்டமை, மலிவும் தரமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதைக் காட்டும்.

இப் பன்றிமயிருக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. சீனத்துச் சொங்சிங் நகரம் அதன் வணிகத்தாற் புகழ்பெற்றது. வண்ணம் பூசுந் தூரிகைகளுக்கும் துப்பாக்கிக் குழல்களைத் துடைக்குந் தூரிகைகளுக்கும் இம்மயிரே வேண்டியிருந்தமையால், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா இதனைப் போர்த் தேவைப் பொருளாகக் கருதிற்று. இந்தியாவிலே கான்பூர் நகரத்துப் பன்றிமயிர்த் தொழில் கட்டிக் எனப்படும் ஒடுக்கப்பட்ட சாதி மக்களோடு பிணைந்திருந்தது. பன்றியைத் தொடுபவர் என்பதற்காக அவர்களைத் தீண்டாதோர், அவர்கள் கழுவித் தெரிந்து கட்டிய மயிர் உலகெங்கும் தூரிகைகளிலே சென்றதைத் தடுக்கவில்லை. மனிதனின் கை தீட்டு. அக்கை செய்த பொருள் தீட்டன்று. சாதியின் தர்க்கம் எப்போதும் இத்தகையதே.

மூன்றாவது, குதிரை மயிர். வாலிலும் பிடரியிலும் கத்தரித்தெடுக்கப்படுவதால் உயிர்க்கொலை வேண்டியதில்லை. மென்மையிலே இது பன்றிமயிருக்கும் வளைக்கரடி மயிருக்கும் இடைப்பட்டது. இதற்கும் ஒரு கறை உண்டு. முதலாம் உலகப் போரில் ஐரோப்பாவினூடாக வந்துகொண்டிருந்த வளைக்கரடி மயிரின் வரத்துத் தடைப்பட்டபோது, குதிரை மயிரை வளைக்கரடி மயிர் போலத் தோற்றச் செய்து தூரிகை கட்டினர். நன்கு கிருமி நீக்கப்படாத அம்மயிரோடு, ஆந்திராக்சு என்னும் அடைப்பான் நோயும் சென்றது. பிரித்தானிய, அமெரிக்கப் படைவீரர்கள் பலர் போர்முனையிலே அன்றி, முகம் மழித்ததனால் நோயுற்றனர், சிலர் இறந்தனர். 1920இல் பிரித்தானியா யப்பானியச் சவரத் தூரிகைகளின் இறக்குமதியைத் தடைசெய்தது. படைவீரனின் முகத்தை இந்நோய் தொடுவதற்கு நெடுங்காலம் முன்னரே, மயிரையும் கம்பளியையும் தெரிந்து பிரித்த தொழிலாளரை அது கொன்றுகொண்டிருந்தது. இங்கிலாந்திலே அதற்குக் 'கம்பளி பிரிப்போர் நோய்' என்றே பெயர். விலையைக் குறைப்பதற்கு இரண்டு வழிகள் உள. வீண் அலங்காரத்தை நீக்குவது ஒன்று. செய்பவனின் பாதுகாப்பை நீக்குவது மற்றொன்று. மலிவு எது என்று கேட்கும்போது, எந்த வழியால் மலிந்தது என்றும் நாம் கேட்கவேண்டும்.

நான்காவது, செயற்கை இழை. 1938இல் நைலோன் இழை முதன்முதலாகப் பற்றூரிகையிலே பன்றிமயிரின் இடத்தைப் பிடித்தது. சவரத் தூரிகையில் அது நெடுங்காலம் வெற்றி பெறவில்லை. தடித்த நைலோன் நீரைத் தாங்காது, முகத்தைக் கீறும். அண்மைக்காலத்திலே நுனியை மயிரினும் மெல்லியதாகக் கூராக்கிய இழைகள் வந்துள்ளன. அவை மென்மையானவை, ஊறவைக்க வேண்டியதில்லை, விரைவில் உலர்பவை. கழித்தெறிந்தால் மண்ணிலே மக்கமாட்டா என்பதே அவற்றின் குறை.

இவற்றுள் எதை வாங்குவது? நூல்களாற் கிடைக்கும் அறிவுக்கு ஓர் எல்லை உண்டு. விடுமுறைக்கு வடமராட்சியிலுள்ள எங்கள் ஊருக்குச் சென்றபோது, சந்தியிலுள்ள சலூனில் நாற்பது ஆண்டுகள் தொழில் செய்த பெரியவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, பிறஸ் வாங்கேக்கை பிடியைப் பாக்காதேங்கோ, மயிரின்ரை நுனியைப் பாருங்கோ. இயற்கையாய் வளந்த நுனி மெல்லிசாய்ப் போகும். அளவாக்கிறதுக்கு நுனியைக் கத்தரிச்சிருந்தால் எத்தினை வருசம் போனாலும் குத்தும். கறுப்புப் பட்டை போட்டிருந்தால் சுடுதண்ணியிலை நனைச்ச துணியாலை ஒருக்காத் துடைச்சுப் பாருங்கோ. சாயம் வந்தால் அது பண்டி மயிருக்கு வேசம்."

வளைக்கரடி மயிரிலே இயல்பாக அமையும் கறுப்புப் பட்டையைப் பன்றிமயிரிலே சாயத்தால் தீட்டி விற்பது இவ்வணிகத்தின் பழைய தந்திரம். பன்றிமயிர் பன்றிமயிராகவே இருந்தால் நல்ல தூரிகை. உயர்குலத்து வேடம் பூண்டால் அதிக விலை கேட்கும் போலி. நமது நடுத்தர வர்க்கத்தின் வாழ்க்கையோடு இதற்குள்ள ஒற்றுமையை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பெரியவரின் பேச்சிலே எனது மனத்தை உறுத்தியது வேறொன்று. என்னிலும் முப்பது வயது மூத்தவர் என்னைப் பன்மையிலே விளித்தார். அதே நேரத்தில் கடைக்குள் வந்த, என் வயதினர் ஒருவர் அவரை ஒருமையிலே அழைத்தார். இரண்டையும் அங்கிருந்த எவரும் புதுமையாகக் கொள்ளவில்லை. யாழ்ப்பாணத்துச் சமூக அமைப்பு நாவிதரைக் குடிமைத் தொழிலாளர் என்று பெயரிட்டு, உயர்சாதியினரின் முற்றங்களுக்குச் சென்று மழிக்கச் செய்தது. தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்கு அதே தொழிலைச் செய்யலாகாது என்றும் அவர்களைத் தடுத்தது. ஒரே தூரிகை யார் முகத்தைத் தொடலாம், யார் முகத்தைத் தொடலாகாது என்பதைக் கூடச் சாதியே தீர்மானித்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும், தேநீர்க் கடைகளிலும் சலூன்களிலும் கோயில் வாசல்களிலும் மக்கள் நடத்திய போராட்டங்களுமே அந்நிலையை மாற்றத் தொடங்கின. சலூன் தொழிலாளியாக இருந்துகொண்டே 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதியை 1960இல் தந்து, 1966 முதல் 'மல்லிகை'யை நடத்திய டொமினிக் ஜீவா, அத்தொழிற் கூடத்திலிருந்தே நம் இலக்கியத்துக்கு வந்தவர். தூரிகை பிடித்த கையைத் தாழ்ந்ததென்று கருதிய சமூகத்துக்கு, அதே கை எழுதுகோல் பிடித்து விடை கூறியது. சட்டம் வந்து இத்துணை ஆண்டுகளுக்குப் பின்னும், பேச்சிலே உள்ள ஒருமையும் பன்மையும் அப்படியே இருக்கின்றன.

நாற்பது ஆண்டு அனுபவத்தாற் பெற்ற அறிவைப் பெரியவர் எனக்கு இலவசமாகத் தந்தார். அதனை இங்கு தொகுத்துத் தருவது என் கடமை.

தூரிகையை வாங்கும்போது மயிர்க்கற்றையை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஓரிரு மயிர் வருவது இயல்பு; கொத்தாக வந்தால் அடியிலுள்ள பசை தரமற்றது. கற்றையை உள்ளங்கையில் அழுத்தி விடுங்கள். அது உடனே நிமிரவேண்டும். கற்றை அடியிலே நெருக்கமாக இருக்கவேண்டும். விரலால் விரித்தால் நடுவிலே வெற்றிடந் தெரியலாகாது. பிடி ஈரக் கையில் வழுக்காததாக இருந்தாற் போதும். அது மரமா, பிளாத்திக்கா, எலும்பு நிறத்ததா என்பது பூண் கட்டிய ஊன்றுகோலின் பெருமை போன்றது. அடியிலே இருபது முதல் இருபத்து நான்கு மில்லிமீற்றர் தடிப்புள்ள கற்றை ஒரு முகத்துக்குத் தாராளம்.

வாங்கியபின், பன்றிமயிராயின் முதற் கிழமை நாள்தோறும் சவர்க்காரத்தால் நுரைத்துக் கழுவி உலரவிடுங்கள், நாற்றம் போய்விடும். ஒவ்வொரு முறையும் சில நிமிடம் இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்த பின்னரே பாவியுங்கள். கொதிநீர் கூடாது, அது மயிரையும் பசையையும் கெடுக்கும். முறுக்கிப் பிழியாதீர்கள்; உதறினாற் போதும். பின்பு காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மாரி காலத்திலே மூடிய பெட்டியில் வைத்தாற் பூஞ்சணம் பிடிக்கும். ஒருவர் தூரிகையை மற்றொருவர் பாவித்தலாகாது.

வவுனியாக் கடைவீதியிலே நானும் நண்பரும் கடை கடையாக ஏறினோம். ஒரு கடையில் இரண்டு வகை இருந்தன. விலையை நான் கேட்குமுன் கடைக்காரர் நண்பரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாஸ்ரர், இது பண்டி மயிர். அவருக்கு இது சரிவராது. மற்றதைப் பாருங்கோ, அது செயற்கை" என்றார். வணிகத்தை இழந்தாலும் உண்மையைச் சொன்ன அவரது பண்பு என்னைத் தொட்டது. மாணவர்களிலே முஸ்லிம் பிள்ளைகளும் இருந்தனர். பன்றிமயிரை ஏற்காத சைவக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தனர். ஒருவனுக்கு ஒன்று, மற்றவனுக்கு வேறொன்று என்று கொடுத்தால் அதுவும் ஒரு பிரிவினை ஆகிவிடும். ஆகவே எல்லோருக்கும் செயற்கை இழைத் தூரிகையையே தெரிந்தோம். நுனி மெலிந்திருந்தது, பசை உறுதியாக இருந்தது, பிடி சாதாரணப் பிளாத்திக்கு. ஒன்று 450 ரூபா. எட்டு எடுத்ததனால் 400 ஆக்கினார். எனக்கு மட்டும் ஒரு பன்றிமயிர்த் தூரிகை வாங்கினேன். அதன் நுனிகள் இப்போது நன்றாகப் பிரிந்திருக்கின்றன.

ஆசிரியர் சிலர் பங்கிட்டுப் பணந் தந்தனர். எட்டு மாணவர்களுக்கும் தூரிகை, சவரக்கத்தி, பிளேட், சவர்க்காரம் ஆகியவற்றைக் கொடுத்தோம். ஒரு மாலை விடுதிக் கிணற்றடியிலே சிரட்டைகளை வரிசையாக வைத்து, நுரை எழுப்பும் முறையைக் கணித ஆசிரியர் செய்து காட்டினார். மூட்டை சுமப்பவரின் மகன், "சேர், வீட்டுக் கிணத்துத் தண்ணியிலை இப்பிடி வருமே?" என்று கேட்டான். கொதிக்கவைத்த தண்ணீரின் இரகசியத்தைச் சொன்னேன். "அடுப்பெரிக்கேக்கை ஒரு கிளாஸ் எடுத்து வைச்சாச் சரி" என்று அவனே விடை கண்டான். அதன் பின்னர் அவன் கழுத்திலே கீறல் காணப்படவில்லை.

இதனை ஒரு தருமச் செயலாகக் காட்டுவது என் நோக்கமன்று. எட்டுத் தூரிகைகளால் வறுமை ஒழிந்துவிடாது. தாடிக்காக மாணவனைத் திருப்பி அனுப்பும் விதியை நீக்கவேண்டும் என்று ஆசிரியர் கூட்டத்திலே முன்மொழிந்தோம். ஒழுக்கம் கெட்டுவிடும் என்றனர் சிலர். இரண்டு கூட்டங்கள் நடந்தும் முடிவு எட்டப்படவில்லை. மூன்றாவது கூட்டத்திலும் முன்மொழிவோம். முகத்தின் தூய்மை வேண்டும் என்று விதிக்கும் நிறுவனம், அத்தூய்மைக்கு ஆகுஞ் செலவு எவ்வளவு, அதை யார் கொடுப்பது என்று கணக்கிடக் கடமைப்பட்டது. கல்விக்கு ஆகுஞ் செலவை அவ்வாறு கணக்கிட வேண்டும் என்று இலவசக் கல்வியின் முன்னோடிகள் வாதாடியதனாலேயே நம்மிற் பலர் ஆசிரியர்களாயினோம்.

ஆசிரிய நண்பர்களே, தத்தம் வகுப்புகளில் முகம் மழிக்காமல் வருகின்ற மாணவனைக் காணும்போது, அவனிடம் பிளேட் இருக்கிறதா, அதனை வேறு யார் பாவிக்கின்றனர் என்று முதலிற் கேளுங்கள். ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வியைப் பின்னர் கேட்கலாம். தூரிகை தெரிய வேண்டுமாயின், மேலே சொன்னவற்றைப் பயன்படுத்துங்கள். அல்லது உங்கள் ஊர்ச் சந்தியிலுள்ள சலூனுக்குச் சென்று அங்குள்ள தொழிலாளரைக் கேளுங்கள். கேட்கும்போது பன்மையிலே கேளுங்கள்.